புகையடிக்கும் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று படங்கள்

ஒலிபெருக்கி முதலில் ஊளையிட்டது, அப்புறம் இருமியது. ஊர் மண்டபத்தின் உச்சியில் கட்டியிருக்கும் அந்தக் குழாயை ஊர்த் தலைவர் ஹியோன் எப்போது தொட்டாலும் இந்த இரண்டும் நடக்கும். அன்றைக்குக் காற்று வடமேற்கிலிருந்து அடித்ததால் ஊளை நேராகக் கடற்கரைக்கு வந்து எங்கள் காதில் விழுந்தது.

"கேட்டுக்கங்க, கேட்டுக்கங்க. கடல்ல முங்குற பொம்பளைங்க யாரும் இன்னைக்குத் தண்ணில இறங்காதீங்க. சியோல் பேராசிரியர் வந்துட்டார். எல்லாரும் மண்டபத்துக்கு வாங்க. வரும்போது முகம் கழுவிட்டு வாங்க."

நாங்கள் பத்தொன்பது பேரும் கல்வட்டத்துக்குள் பாதி உடை மாற்றியிருந்தோம். யோங்சிம்முக்கு ரப்பர் உடையில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"நாள் முழுக்கக் கடல்லயே கிடக்கிறோம், நம்மகிட்ட முகம் கழுவச் சொல்றான் பாரு" என்றாள் அவள்.

"அவன் பொண்டாட்டி சொன்னதை மைக்ல ஒப்பிக்கிறான், விடு" என்றாள் ஒக்தான் அக்கா. எங்களில் மூத்தவள் அவள்தான். எழுபத்தொரு வயது.

சிரித்தோம். ஆனால் வோல்சுன் அக்கா சிரிக்கவில்லை. தன் மிதவையையும் வலையையும் கல்மேல் வைத்துவிட்டு, தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வோல்சுன் அக்கா எங்கள் தலைவி. ஒரே மூச்சில் பத்து ஆள் ஆழம் போய், கையில் அபலோன் சிப்பியோடுதான் மேலே வருவாள். நாற்பத்தொன்பது வயதில், ஜேஜு தீவின் கிழக்குக் கரை முழுக்க அவளுக்கு ஈடு கிடையாது. கல்வட்டத்தில் காற்று வரும் பக்கத்தில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது. பதினெட்டு வருடமாக அதில் அவள்தான் உட்காருகிறாள்.

இடம் என்பது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. கறுப்புக் கற்களை மார்பளவுக்கு வட்டமாக அடுக்கி நடுவில் தீ மூட்டியிருப்போம். கூரை கிடையாது. காற்று வரும் பக்கம் மேல்வரிசைக்காரிகள், இரண்டு ஓரத்திலும் நடுவரிசைக்காரிகள், புகை போகும் பக்கம் கீழ்வரிசைக்காரிகள். புதிதாகக் கடலுக்கு வந்தவர்களும் மூச்சு குறைந்தவர்களும் கண்ணில் நீர் வழிய அங்கேதான் உட்காரவேண்டும். ஒருத்தி எந்த வரிசை என்பதைக் கடல் முடிவு பண்ணும். சலுகை கிடையாது.

உடை மாற்றுவது, குளிர் காய்வது, சண்டை போடுவது, சம்பந்தம் பேசுவது எல்லாம் இந்த வட்டத்துக்குள்தான். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கும் அளவுக்கு யாரும் வந்ததில்லை. போலீஸ்காரனாக இருந்தாலும் சுவருக்கு வெளியே முதுகைக் காட்டி நின்று குரல் கொடுப்பான்.

நான் கில்ஜா. மேல்வரிசையில் மூன்றாவது இடம். என் அம்மா, வோல்சுன் அக்காவுக்கு முன்னால் அந்தத் தட்டைக் கல்லில் உட்கார்ந்தவள்.

இனி அந்தப் பேராசிரியர் எதற்கு வந்தார் என்று சொல்கிறேன்.

ஹான் முயோங் என்ற ஓவியரை இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து தப்பி வந்து, எங்கள் ஊரில் ஒரு குளிர்காலம் தங்கினார். 1951. தலைவர் ஹியோனின் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தார். காசில்லாத மனிதர். சிமென்ட் பையைக் கிழித்து, அதில் கரியால் படம் போடுவார். வசந்தத்தில் பூசானுக்குப் போனார், ஏழு வருடத்தில் செத்துப்போனார், அப்புறம்தான் பெரிய ஆளானார்.

போன அக்டோபரில் ஹியோன் அந்தப் பின்னறைக்குப் புதுச் சுவர்க்காகிதம் ஒட்ட ஏற்பாடு செய்தார். பழையதை உரித்தால் அதற்கு அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் இன்னொன்று. கடைசி அடுக்கு சிமென்ட் பைக் காகிதம். எல்லா வீட்டிலும் அடிக்காகிதமாக எதையாவது ஒட்டுவதுதான், நாங்கள் பழைய செய்தித்தாள் ஒட்டுவோம். ஹியோன் அதை ஈரம் காட்டி உரித்துத் திருப்பிப் பார்த்தால், சுவரைப் பார்த்த பக்கத்தில் கரிப்படம். ஒன்றல்ல, இருபத்து மூன்று. அத்தனையிலும் கல்வட்டமும் அதற்குள் இருக்கும் பெண்களும்.

சியோலில் அறிஞர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். அதே காகிதம், அதே கரி, அதே அறை, ஆகவே ஹான் முயோங்கின் கைதான் என்று ஒரு கூட்டம். படங்களின் பின்பக்கம் சிவப்புப் பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கின்றன, ஹான் முயோங் அப்படி எங்கேயும் போட்டதில்லை, எனவே போலி என்று இன்னொரு கூட்டம். ஒரு பத்திரிகை அதற்கும் மேலே போய், 'கடலோர கிராமத்தின் கைவரிசை' என்று தலைப்புப் போட்டது. ஓவியர் பேரில் ஒரு நினைவு மண்டபம் வாங்குவதற்காக ஊரே சேர்ந்து படம் போட்டு ஒட்டிவிட்டதாம்.

அந்தத் தாளை வோல்சுன் அக்கா படித்துவிட்டு, "மீன் சுத்தக்கூட ஆகாது" என்று தீயில் போட்டாள். அதற்குமேல் இந்த விஷயத்தில் அவள் வாயைத் திறந்ததேயில்லை.

இப்போது சர்க்காரே ஒருவரை அனுப்பியிருந்தது. அவர் எழுதும் அறிக்கைதான் முடிவு. உண்மை என்று எழுதினால் நினைவு மண்டபம், தார்ச்சாலை, கூடவே எங்களுக்கு ஒரு சுடுதண்ணீர் அறை. போலி என்று எழுதினால் ஊர்ப் பெயர் நாறும்.

முகம் கழுவாமலேயே போனோம்.

பேராசிரியர் குவோன் ஒல்லியான மனிதர். கைகளில் வெள்ளை உறை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மண்டபத்து மேஜைகளை ஒன்றாகப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, படங்களைப் பரப்பியிருந்தார். இரண்டு மாதமாக ஊர் முழுக்க இதே பேச்சு. ஆனால் நாங்கள் யாரும் படங்களைப் பார்த்ததில்லை. கிடைத்த அன்றே ஹியோன் பெட்டியில் பூட்டி அனுப்பிவிட்டார்.

"தொட வேண்டாம். பார்த்துட்டு, உடை, கருவி எல்லாம் அந்தக் காலத்துப்படி சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றார் குவோன்.

நாங்கள் மேஜையைச் சுற்றி நின்றோம்.

அது வெறும் கரிதான். ஆனால் ஈரப் பருத்தித் துணி முதுகில் ஒட்டியிருந்தது தெரிந்தது. ஒருத்தி தலையைச் சாய்த்துக் காதிலிருந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வாயால் வலை முடிச்சை இழுத்தாள்.

"ஐயோ, இது எங்க மாமியார்" என்றாள் ஒருத்தி. "பிட்டத்தைப் பாத்தே சொல்லுவேன்."

"வாயைக் கட்டுடி, சியோல் மனுஷன் நிக்கிறார்."

"அவரும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கார்."

குவோன் கண்ணாடியைத் துடைத்தார்.

ஒக்தான் அக்கா ஒரு படத்தின்மேல் குனிந்தாள். "இது நான். முப்பத்தொன்பது வயசுல எனக்கு இப்படித் தோள் இருந்துச்சா" என்றாள். தன் தோளைத் தானே தடவிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது ஒரு விரல்கடை உயர்ந்த மாதிரி இருந்தாள்.

நான் கடைசிப் படத்தின் முன்னால் நின்றுவிட்டேன்.

அதில் ஆள் முழுசாக இல்லை. கீழ் ஓரத்தில் ஒரு வலை, அதற்குள் பரிதாபமாக இரண்டே இரண்டு சங்கு. வலைக்கு மேலே ஒரு கை. வலுவான, கறுத்த, சுண்டுவிரல் வளைந்த கை. அது ஒரு பெரிய அபலோனை அந்த ஏழை வலைக்குள் போட்டுக்கொண்டிருந்தது.

எங்களுக்குள் இது வழக்கம். நன்றாகப் பிடித்தவள் கரையேறும்போது, ஒன்றும் கிடைக்காதவளின் வலையில் பேசாமல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவாள். நன்றி சொல்லக்கூடாது. போட்டவள் திரும்பிப் பார்க்கவும் கூடாது.

சுண்டுவிரல் வளைந்த அந்தக் கை என் அம்மாவின் கை.

"நல்லா கவனிங்க" என்றார் குவோன். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "எல்லாப் படத்துலயும் முன்னால ஒரு சாம்பல் திரை இருக்கு பாருங்க. உருவங்கள் அதுக்குப் பின்னால பாதி மறைஞ்சு நிக்குது. இதை நான் போர்க்காலத் துயரத்தோட திரைன்னு எழுதியிருக்கேன். பிரிஞ்சு வந்த வீட்டை ஓவியர் கண்ணீர் வழியா பாக்கறார்."

யோங்சிம் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் எல்லோரும்.

"என்ன?" என்றார் குவோன்.

"ஐயா, அது புகை" என்றேன்.

"புகை?"

"தீ எரிஞ்சா வருமே, அது. கண்ணீரும் நிஜந்தான். அந்தப் பக்கம் உக்காந்தா எங்க எல்லாருக்கும் வரும்." படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். "மேல்வரிசை எப்பவும் எதிர்ல இருக்கு. தட்டைக் கல் நடுவுல இருக்கு. வடமேற்குக் காத்து. புகை நேரா இந்தப் பக்கம் வருது. வரைஞ்ச ஆள் கீழ்வரிசை இடத்துல, தரையில உக்காந்து பாத்திருக்கு."

குவோன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களை வரிசையாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "ஒவ்வொண்ணும் ஒரே இடத்துல இருந்து. எங்க யாருக்கும் இது தோணலையே." பேனாவை எடுத்தார். "அப்ப ஹான் முயோங் அந்த வட்டத்துக்குள்ளயே, உங்க அம்மாக்களோட உக்காந்து வரைஞ்சிருக்கார். கற்பனை இல்ல, நேர்ல பார்த்தது. போதும், இது உண்மைன்னு எழுதிடறேன்."

தலைவர் ஹியோன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாங்கள் யாரும் அசையவில்லை.

"ஆம்பளை உள்ள உக்காந்தாரா?" என்றாள் ஒக்தான் அக்கா மெதுவாக.

"அவர் ஓவியர், பாட்டி" என்றார் குவோன்.

"ஓவியருக்கு மீசை கிடையாதா?"

"அது வந்து, சுவருக்கு மேல எட்டிப் பாத்திருப்பார்" என்றார் ஹியோன் அவசரமாக.

"எட்டிப் பாத்திருந்தா இரண்டு கண்ணோட பூசானுக்குப் போயிருக்க மாட்டார். உங்க அம்மாவும் அன்னைக்கு உள்ள இருந்தவதான் தலைவரே, ஞாபகம் இருக்கட்டும்."

ஹியோன் படங்களிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்.

குவோன் தூக்கிய ஒரு படத்தின் பின்பக்கத்தை யோங்சிம் எட்டிப் பார்த்தாள். "இந்தச் சிவப்பு வட்டம் எதுக்கு?"

"அதுதான் பெரிய சர்ச்சை. சூரியன்னு ஒருத்தர் சொல்றார், போலி போட்டவனோட அடையாளம்னு இன்னொருத்தர். சிலதுல ஒண்ணு, சிலதுல மூணு. கடைசிப் படத்துல மட்டும் அஞ்சு."

"என் பையன் நோட்டுலயும் இருக்கு" என்றேன். "எழுத்து நல்லா இருந்தா வாத்தியார் வட்டம் போடுவார். மூணு வட்டம் வாங்கிட்டா அன்னைக்கு வீட்ல முட்டை கேப்பான்."

குவோன் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "ஹான் முயோங் வடக்குல பள்ளிக்கூடத்துல ஓவிய ஆசிரியரா இருந்தவர்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"எந்த வாத்தியாரும் தன் நோட்டுக்குத் தானே வட்டம் போட்டுக்க மாட்டார்" என்றாள் யோங்சிம்.

குவோன் பேனாவை மூடினார். எழுதிய இரண்டு வரியையும் அடித்தார். "அப்ப வரைஞ்சது யார்?" என்றார். "அது தெரியாம நான் ஊருக்குப் போனா, எழுதறதுக்கு ஒரே வார்த்தைதான் மிச்சம். போலி. நாலு மணிக்கு எனக்கு விமானம்."

நாங்கள் கல்வட்டத்துக்குத் திரும்பினோம். எதையும் பேசி முடிக்க எங்களுக்கு வேறு இடம் தெரியாது. ஹியோன் பாதி வழி பின்னாலேயே ஓடி வந்தார்.

"தங்கச்சிங்களா, யோசிச்சுப் பாருங்க. அவரே எழுதறேங்கிறார், நீங்க ஏன் கெடுக்கறீங்க? மண்டபம் வருது. சுடுதண்ணி வருது. பக்கத்து ஊர்ல பொம்பளைங்க சுடுதண்ணில குளிச்சிட்டு வீட்டுக்குப் போறாங்க."

"பக்கத்து ஊர்ல ஆம்பளைங்களும் குளிக்கிறாங்களாம், முதல்ல நீங்க போய்ப் பழகுங்க" என்றாள் ஒக்தான் அக்கா. அவர் நின்றுவிட்டார். கல்வட்டம் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குமேல் ஆண்கள் வரமாட்டார்கள்.

தீயை மூட்டி அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். வோல்சுன் அக்கா தட்டைக் கல்லில் உட்கார்ந்து, மண்டபத்தில் பேசாததை இங்கே பேசினாள்.

"ஓவியர் வரைஞ்சதுன்னு விட்டுட்டா, நம்ம அம்மாக்கள் ஒரு ஆம்பளையை நடுவுல உக்கார வச்சுக்கிட்டுத் துணி மாத்தினாங்கன்னு ஊர் உலகம் பேசும். மண்டபத்துல மாட்டி, டிக்கெட் போட்டுக் காட்டுவாங்க. போலின்னு விட்டுட்டா, நாம திருட்டுப் பசங்கன்னு ஆகும். இரண்டும் வேண்டாம்னா ஒரே வழிதான்."

"வரைஞ்சது யாருன்னு சொல்லணும்" என்றேன்.

"சொல்லணும்."

யோங்சிம் குச்சியால் கரியைக் கிளறினாள். "யாரா இருந்தாலும் சரி, அவளை எனக்குப் பிடிக்கல. உள்ள நடக்கிறதை வெளிய எடுத்துட்டுப் போய் ஒரு ஆம்பளைகிட்ட காட்டியிருக்கா. வட்டம் வேற வாங்கியிருக்கா. இன்னைக்கு உயிரோட இருந்தா, இந்த வட்டத்துல அவளுக்கு இடம் கொடுக்கலாமா?"

அவள் கேட்டது நியாயம்தான். உள்ளே பேசியதை வெளியே சொன்னதற்காக ஒருத்தியை ஒரு வருடம் தனியாகக் குளிர்காய வைத்திருக்கிறோம். அதை முடிவு பண்ணியவளே வோல்சுன் அக்காதான்.

"ஒக்தான் அக்கா" என்றேன். "அந்தக் குளிர்காலத்துல புகைப் பக்கம் உக்காந்தது யார் யாரு?"

"மூணு பொண்ணுங்க" என்றாள் அவள். "ஒருத்தி ஒசாகாவுக்குப் போனா, அங்கயே இருக்கா. அவளுக்கு நேரா ஒரு கோடு போடக்கூட வராது. ஒருத்தி பிரசவத்துல செத்தா."

"மூணாவது?"

ஒக்தான் அக்கா தீயைப் பார்த்தாள். "எனக்கு வயசாச்சு. ஞாபகமில்ல."

முப்பது வருடத்துக்கு முன்னால் யார் யாரை என்ன சொல்லித் திட்டினாள் என்பதுவரை சொல்லக்கூடியவள் ஒக்தான் அக்கா. அவளுக்கு ஞாபகமில்லையாம். நான் திரும்பி அவள் பார்க்காத பக்கம் பார்த்தேன். தட்டைக் கல்லில் இருந்தவள் தன் வலையின் முடிச்சைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கடலுக்கு வந்தது 1958இல். அப்போதே வோல்சுன் அக்கா நடுவரிசையில் முதல் ஆள். அவளைப் புகையில் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்ததும் இல்லை.

"கில்ஜா" என்றாள் அவள், தலை நிமிராமல். "உங்க அம்மா கையைப் பாத்தியே. கோபம் வந்துச்சா?"

மற்ற பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. என் பதிலில் அவளுடைய பதினெட்டு வருடம் நின்றுகொண்டிருந்தது.

உண்மையைத்தான் சொன்னேன்.

"எங்க அம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்லக்கா. இறந்தவங்களுக்குச் சடங்கு செய்யற நாள்ல எல்லார் வீட்லயும் படம் வச்சுக் கும்பிடுவாங்க. நான் பேரை எழுதின காகிதத்தை வச்சுக் கும்பிடறேன். என் பையன் கேப்பான், ஆச்சி எப்படி இருப்பாங்கன்னு. கறுப்பா, உயரமான்னு ஏதாவது சொல்லுவேன். இன்னைக்கு அந்தக் கையைப் பாத்தேன். அது அபலோனைப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போற கை. என் அம்மா யாருன்னு அதைவிட யாராலயும் சொல்ல முடியாது. வரைஞ்சவளை எனக்குக் கும்பிடத் தோணுது."

புகை எங்கள் நடுவே சுற்றிக்கொண்டு தென்கிழக்கே போனது. ஒக்தான் அக்கா மூக்கைத் துடைத்தாள்.

"எனக்கும் அந்தத் தோள் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றாள்.

யோங்சிம் குச்சியைத் தீயில் போட்டாள். "எங்க பெரியம்மாவை நல்லாத்தான் போட்டிருக்கா" என்று முணுமுணுத்தாள்.

வோல்சுன் அக்கா எழுந்தாள். "பேராசிரியரைக் கூப்பிடுங்க. ஒரு படத்தோட வரச் சொல்லுங்க. சுவருக்கு வெளிய நிக்கட்டும்."

குவோன் வந்தார். மணலில் அவருடைய நகரத்துச் செருப்பு புதைந்து புதைந்து வந்தது. சொல்லிக்கொடுத்தபடி சுவருக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார். அவருக்கும் பின்னால், தூரத்தில், ஹியோன் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார்.

யோங்சிம் சுவருக்கு மேலாகக் கை நீட்டிப் படத்தை வாங்கினாள்.

"எல்லாரும் அவங்கவங்க அம்மா, பெரியம்மா உக்காந்த இடத்துக்குப் போங்க" என்றாள் வோல்சுன் அக்கா. "மாமியார் இடமா இருந்தாலும் சரி. ஒக்தான் அக்கா, நீங்க உங்க பழைய இடத்துக்கு. கில்ஜா, நீ இங்க வா."

தட்டைக் கல்லைக் காட்டினாள். எனக்குக் கால் வரவில்லை.

"அது உங்க இடம்க்கா."

"அன்னைக்கு உங்க அம்மா இடம். உக்காரு."

உட்கார்ந்தேன். கல்லில் அவள் சூடு இருந்தது.

அவள் தீயைச் சுற்றி நடந்தாள். பதினெட்டு வருடமாக எங்கள் முன்னால் முதலில் தண்ணீரில் இறங்குகிறவள், நடுவரிசையைத் தாண்டி, கீழ்வரிசைக்குப் போய், புகை நேராக வந்து விழும் இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். முதல் மூச்சிலேயே இருமினாள்.

"பழகிப்போகும், இரு" என்றாள் ஒக்தான் அக்கா. "புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான்."

யாரோ சிரித்தார்கள். வோல்சுன் அக்காவும் சிரித்தாள், இருமிக்கொண்டே. அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. தனியாகக் குளிர்காய வேண்டியவள் யாரும் இல்லை.

யோங்சிம் அவளுக்குப் பின்னால் போய் மண்டியிட்டு, அவள் தோளுக்கு மேலாகப் படத்தைப் பிடித்தாள். படத்தைப் பார்த்தாள், எதிரே பார்த்தாள். வெடித்த கல், அதற்குப் பக்கத்தில் குட்டைக் கல், சுவரில் கடல் தெரியும் இடைவெளி. நடுவில் தட்டைக் கல்லில் நான். அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"பொருந்துதா?" என்றார் குவோன், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"எல்லாம் பொருந்துதுங்க" என்றாள் யோங்சிம். அவள் குரல் மாறியிருந்தது. "வேற எங்க உக்காந்தாலும் இது தெரியாது. நின்னா தெரியாது. ஆம்பளைக்குத் தெரியவே தெரியாது."

"ஒரு கேள்வி" என்றார் குவோன். "படத்தை ஏன் சுவர்ப் பக்கம் திருப்பி ஒட்டியிருந்தது? நாங்க அதுக்கு மூணு கட்டுரை எழுதியிருக்கோம்."

"அவர் பூசானுக்குப் போனப்ப அறைக்குக் காகிதம் ஒட்டினாங்க" என்றாள் வோல்சுன் அக்கா. "அடிக்காகிதம் பத்தலைன்னாங்க. நானே கொண்டுபோய்க் கொடுத்து, நானே ஒட்டினேன். ஆம்பளைங்க படுக்கிற அறை. எங்க பொம்பளைங்க முகம் அந்தப் பக்கம் எதுக்குத் தெரியணும்?"

குவோன் முதுகைத் திருப்பாமலேயே சுவரை ஒட்டி ஓரடி பின்னால் வந்தார்.

"ஹான் முயோங் பார்த்தாரா?"

"பாக்காம வட்டம் போடுவாரா? இந்தத் தீயில மிஞ்சுற கரியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் காகிதம் கொடுப்பார். அவர்கிட்ட காட்டினது என் தப்பு. அதை இங்க எல்லார் முன்னாலயும் ஒத்துக்கறேன். வரைஞ்சது தப்பில்ல."

"அஞ்சு வட்டம் போட்டப்ப என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு அவர் வரைஞ்சதைக் கிழிச்சு அடுப்புல போட்டார். வேற காகிதம் எடுத்துத் திரும்ப ஆரம்பிச்சார்."

குவோன் எங்கள் பக்கம் திரும்பப் போனார். பாதி திரும்பியவர் நினைவு வந்து மறுபடி முதுகைக் காட்டி நின்றார். "அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?" என்றார். அதைக் கேட்கும்போது அவர் பேராசிரியர்போல இல்லை.

"விடல. கடலுக்குள்ள போயிட்டேன். அடுத்த வருஷமே நடுவரிசைக்கு வந்தேன். அங்க புகை கிடையாது. எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது, வரையணும்னு தோணல. இவங்களை மாதிரி முங்கணும்னுதான் தோணுச்சு."

ஒக்தான் அக்கா கையில் இருந்த விறகைத் தீயில் போட்டாள். நான் தட்டைக் கல்லில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்தொன்பது பேரும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தோம்.

வெளியே குவோன் நோட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இது போலியும் இல்ல, ஹான் முயோங்கும் இல்லன்னு எழுதறேன். என்னோட சண்டைக்கு வருவாங்க, வரட்டும்" என்றார். "வரைஞ்சவங்க பேரைச் சொல்லுங்க. இந்த ஊர்க் கடல் பெண்களோட தலைவின்னு போட்டா மதிப்பா இருக்கும்."

வோல்சுன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் காரணம் என்று அவளே அப்புறம் சொன்னாள்.

"தலைவின்னு போடாதீங்க. கோ வோல்சுன், பதினேழு வயசு, கீழ்வரிசை. அப்படியே எழுதுங்க."